திட்டு வாங்கிப் பிழைத்த நாய்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் புனேயில் இருந்தோம். என் கணவருக்கு விமானப்படையில் வேலை, லோஹேகாவில் குவார்ட்டர்ஸ். ஒரு மழைநாளில் ஸ்கூட்டருக்கு அடியில் ஒதுங்கிய தெருநாய்க் குட்டியை வீட்டுக்குள் தூக்கிவந்து, டைகர் என்று பெயரும் வைத்துவிட்டார். எனக்கு நாயே ஆகாது. துடைத்த தரையில் சேற்றுக் காலோடு நடக்கும். கொடியில் காயும் துணியை இழுத்துப் போட்டு அதன்மேல் படுக்கும்.

நான் ஒருநாளும் அதை டைகர் என்று கூப்பிட்டதில்லை. நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் பக்கம் கோபம் வந்தாலும் 'சவமே'தான், பாசம் வந்தாலும் 'சவமே'தான். எனக்குப் பெரும்பாலும் கோபம்தான் வரும். "ஏ சவமே, சோறு வச்சிருக்கு, வந்து தின்னு தொலை" என்றால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடும்.

அந்த வருஷம் நாய்களுக்கு ஒரு வாந்திபேதி வந்தது. புது நோய் என்றார்கள். எதிர்வீட்டு நாய் செத்துப்போனது. அடுத்து எங்களுடையது படுத்துவிட்டது. காலையில் சோற்றைத் தொடவில்லை, மதியத்துக்குள் ரத்தமாகப் போக ஆரம்பித்தது. சீட் அழுக்காகும் என்று சொன்ன ஆட்டோக்காரனை, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஒரு பிடி பிடித்தேன். வாயை மூடிக்கொண்டு ஓட்டினான். ஊருக்குள் கேம்ப் என்கிற பகுதியில் இருந்த ஒரு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஆஸ்பத்திரி என்றால் இன்றைக்கு இருப்பது மாதிரி கண்ணாடி அறையும் மெஷினும் கிடையாது. பின்பக்கம் தகரக் கொட்டகை, வரிசையாகச் சிமெண்ட் மேடைகள். ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அவரவர் நாயை அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அங்கே சட்டம். டாக்டர் மராட்டிக்காரர். சிடுசிடு மனிதர். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துவிட்டது.

உடம்பில் நீரே இல்லை என்றார். முன்னங்காலில் முடியை மழித்து, நரம்பைத் தேடி, ஊசியைக் குத்தி, பிளாஸ்திரி ஒட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் நாய் காலை உதறியது. ஊசி வெளியே வந்துவிட்டது. இன்னொரு காலில் குத்தினார். அதிலும் திமிறத் தொடங்கியது.

"இதுவும் போனா வேற நரம்பு கிடைக்காது, பாபிஜி. அசையாம படுத்திருந்தாத்தான் பிழைக்கும்" என்று இந்தியில் சொன்னார்.

என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் முதுகைத் தடவினேன். "ராஜா, கண்ணு, படுத்துக்கோடா, என் தங்கம்ல" என்றேன். ஆமாம், நான்தான். சாகக் கிடக்கிற ஜீவனைப் பார்த்து 'சவமே' என்று எப்படிச் சொல்வது? நாக்கு எழவில்லை. நான் கொஞ்சக் கொஞ்ச நாய்க்கு நடுக்கம்தான் கூடியது. இந்த வீட்டுக்காரிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டது போல. என்னைப் பார்த்து முழித்தது, மேடையை விட்டு இறங்கப் பார்த்தது. பிளாஸ்திரி பிய்யத் தொடங்கியது.

எனக்கு வந்ததே கோபம்! "ஏலே, கெடல சவமே! ஊசியப் புடுங்குன, கால ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்! படுல மூதி!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. நாய் அப்படியே சரிந்து படுத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. வால் நுனி மட்டும் சிமெண்டில் மெல்லத் தட்டியது.

"ஏட்டி, மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்காங்க" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்று டாக்டர் அவரை அடக்கினார். "பாபிஜி, நிறுத்தாதீங்க. பாட்டில் தீர்ற வரைக்கும் பேசுங்க."

சாயங்காலம் வரை திட்டினேன். பிய்த்த துணி, கவிழ்த்த பால், நக்கிய இட்லி மாவு என்று ஒன்றையும் விடவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்க்கும், மறுபடி தொடங்கினால் மூடிக்கொள்ளும். பக்கத்து மேடையில் ஒரு அம்மாள் பொமரேனியனை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். "என் குட்டியையும் கொஞ்சம் திட்டுங்களேன்" என்று கெஞ்சினார். திட்டினேன். அது அவர் புடவைக்குள் புகுந்துகொண்டது. எல்லா நாய்க்கும் இந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

டாக்டர் என் கணவரிடம், "அவங்க அடிக்கடி சொல்றாங்களே, சவமே, அப்படின்னா என்ன?" என்று கேட்டார்.

இவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். "செல்லமேன்னு அர்த்தம், சார்" என்று கூசாமல் சொன்னார்.

அந்த நல்ல மனுஷர் அதை நம்பிவிட்டார். அடுத்தடுத்த நாட்களில் நாங்கள் சலைனுக்குப் போனபோது, ஒவ்வொரு மேடையாக நின்று, "கைஸே ஹோ, சவமே?" என்று நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

எங்கள் நாய் தண்ணீர் குடித்தது, கஞ்சி குடித்தது, கடைசியில் டாக்டருடைய செருப்பைக் கடித்தது. "இனி பயமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் பல வருஷம் என் கொடித் துணியை இழுத்துக்கொண்டு எங்களோடு இருந்தது.

வாயை அடக்கு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறைய. அவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதுதான்: அந்தக் கொட்டகையில் நான் 'சவமே' என்று கூப்பிட்டேன், அது உயிரோடு திரும்பி வந்தது, அதைவிடப் பெரிய மரியாதையை இன்றுவரை எனக்கு யாரும் தந்ததில்லை.