ஹார்ன் அடிக்காமல் போன பஸ்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு, "அப்பா, இங்க வந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். பெடாஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் நான். எனக்கு எதற்குக் கோடும் புள்ளியும் என்று முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்தேன்.

அவள் சிரம்பானில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படிக்கிறாள். வேலைக்குப் போவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி மலேசியாவில் எப்படி, சிங்கப்பூரில் எப்படி என்று கட்டுரை எழுத வேண்டுமாம். திரையில் நான்கு கோடுகள். ஆண்களின் கோடு இரண்டு நாட்டிலும் மேலே ஏறி நேராக ஓடியது. பெண்களின் கோடுகளும் இளவயதில் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறின. பிறகு சிங்கப்பூர்க் கோடு மெல்ல மெல்லத்தான் இறங்கியது. நம் மலேசியக் கோடு கல்யாண வயதைத் தாண்டியதும் சரிந்து, மறுபடி எழவே இல்லை.

"இதுக்கு நம்ம வீட்டுலயே உதாரணம் இருக்குப்பா. அம்மாவும் சித்தியும்."

உண்மைதான். என் மனைவியும் அவள் தங்கையும் தோட்டத்து லயத்து வீட்டில் ஒன்றாக வளர்ந்து, சிரம்பானில் ஒரே பேக்டரிக்கு, ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போனவர்கள். தங்கை சிங்கப்பூரில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயும் அதே மாதிரி வேலையைத் தேடிக்கொண்டாள். இரண்டு பிள்ளை பெற்றும் விடவில்லை. இன்று புதிதாக வருகிறவர்களுக்கு வேலை பழக்குகிறாள். அங்கேயும் அடுப்படி அவள் தலையில்தான், போனில் புலம்பாத நாளில்லை. ஆனாலும் "எங்க லைன்ல" என்று அவள் பேக்டரிக் கதையை ஆரம்பித்தால் என் மனைவி போனைக் காதோடு இன்னும் இறுக்கிக்கொள்வாள். அதை நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்திருக்கிறேன்.

"அம்மா ஏன் வேலைய விட்டாங்கன்னு போடட்டும்?"

"உனக்காகத்தான். அவளாவே நின்னுட்டா."

இருபது வருடத்துக்கு மேல் சொல்லிப் பழகிய பதில், நாக்கு தடுமாறவில்லை. அடுப்படியில் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழும் தூரம்தான். அவள் அடுத்த மீனை எடுத்தாள்.

மகள் தட்டி முடித்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னாள். "நானும் மாப்பிள்ளை வீட்டுல கேட்ட மாதிரியே வேலையிலருந்து நின்னுடலாம்னு இருக்கேன்ப்பா. அம்மா தானா நின்னு நல்லாத்தானே இருக்காங்க லா."

அம்பாங்கானிலிருந்து அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று மட்டும்தான் கேட்டார்கள். அந்த ஞாயிறு சாயங்காலமே நான் போன் செய்து பதில் சொல்வதாக ஏற்பாடு. கையிலிருந்த போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அந்தப் பேக்டரி பஸ் விடியற்காலையில் எங்கள் தோட்டத்து முச்சந்திக்கு வரும். ஏற ஆள் உண்டென்றால் இரண்டு தடவை ஹார்ன் அடித்து நிற்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் போய்விடும். மகள் பிறந்து, விடுப்பு முடிந்து, மனைவி மறுபடி வேலைக்குப் போக வேண்டிய முதல் நாள். முந்தின நாளே பேக்டரியின் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிவைத்திருந்தாள். எழுந்து சோறும் கட்டிவிட்டாள். நான் பல் துலக்கப் போகிறவன் போல வெளியே வந்து, முச்சந்திவரை நடந்து, பஸ்ஸை மறித்து, அவள் வேலையை விட்டுவிட்டாள் என்று மலாய்க்கார டிரைவரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஏன் செய்தேன்? அவள் திரும்பி வந்ததும் லைன் லீடர் ஆக்குவதாகப் பேக்டரியில் சொல்லியிருந்தார்கள். "இனி மண்டோர் வீட்டுல ரெண்டு மண்டோர் லா" என்று டீக்கடையில் ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஏதாவது அகப்படுமா என்று பல வருடம் தேடியும் கிடைக்கவில்லை.

நான் வீட்டுக்குத் திரும்பியபோது அவள் தோளில் பையோடு வாசலில் நின்றாள். "பஸ் போயிருச்சா? ஹார்ன் சத்தமே கேக்கலயே?"

"இனி வரவேணாம்னு நான்தான் சொல்லிட்டேன்."

அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். கட்டிய சோறு வீணாகிறதே என்று அந்த டப்பாவை நானே வேலைக்கு எடுத்துப் போய்ச் சாப்பிட்டேன். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. நன்றாக இருந்தது என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வெட்கமாக இருக்கிறது.

"எழுதினத அழிச்சிரும்மா," என்றேன் மகளிடம். "அவளா நிக்கல. நான்தான் நிப்பாட்டினேன். ஒரு வார்த்த கேக்கல."

பஸ்ஸையும் டிரைவரையும் டப்பாவையும் எல்லாம் சொன்னேன். மகள் மடிக்கணினியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு அடுப்படியைப் பார்த்து, "அம்மா, இது நெசமா?" என்றாள்.

குழாய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ம்."

"அப்புறம் ஏம்மா இத்தன வருஷமா ஒண்ணும் சொல்லல?"

"நீ கேக்குறப்பெல்லாம் உங்கப்பாதானே பதில் சொன்னாரு."

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்கள் பின்னால் நின்றாள். திரையில் நம் நாட்டுக் கோடு சரியும் இடத்தைச் சற்று நேரம் பார்த்தாள்.

"இப்ப என்னம்மா போடட்டும்?" என்று மகள் கேட்டாள்.

"சட்டைய இஸ்திரி போட்டு வச்சிருந்தேன்னு போடு."

மகள் தட்டி முடிக்கும்வரை மனைவி காத்திருந்தாள். பிறகு மேசையில் என் பக்கம் கிடந்த போனை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

"அம்பாங்கானுக்கு நீயே பேசு. உங்கப்பாவப் பேச விடாத."