சாரதி பக்கக் கதவு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடம். முதலில் கண்ணில் பட்டது சீமெந்துத் தரையில் கிடந்த செங்கபில நிறத் தூள். ஒரு தேக்கரண்டி அளவு இருக்கும். ஜீப்பின் சாரதி பக்கக் கதவுக்கு நேர் கீழே, பிணைச்சலிலிருந்து, அதாவது கீலிலிருந்து, இரவு முழுவதும் உதிர்ந்திருந்தது. முந்தின நாள் மாலை அத்தான் அதில் மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தார். மண்ணெண்ணெய் துருவைக் கொஞ்சம் கழுவிக் கீழே விட்டதே தவிர, கதவு அசையவில்லை.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். குழாய்க் கிணறு தோண்டும் கம்பனியொன்றில் மேற்பார்வையாளராக இருந்தார். புத்தளப் பக்கத்து மணல் பாதைகளில் சாதாரணக் கார் புதையும் என்பதால், மலைநாட்டுத் தோட்டமொன்று கழித்துவிட்ட ஜீப்பை வாங்கினார். அதன் கதவுப் பிணைச்சல்கள் உடம்புக்கு வெளியே, ஆணித் தலைகள் தெரியும்படி பூட்டப்பட்டவை. கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் இருந்தது. அதற்கப்பால் ரயில் பாதை, பாறைகள், கடல். தோட்டத்தில் இருபது வருடம் தாங்கிய இரும்பை அந்தக் காற்று இரண்டு வருடத்தில் தின்றது. காலையில் கண்ணாடியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது.

கதவு இறுகினால் மற்றப் பக்கத்தால் இறங்கலாம். அத்தானும் பல நாள் அப்படித்தான் இறங்கினார். வெள்ளிக்கிழமை காலை அது முடியாமல் போயிற்று. காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு இளம் சிப்பாய் "பஹின்ன" என்றான். இறங்கு என்று அர்த்தம். அத்தான் கைபிடியைத் திருகித் தோளால் இடித்தார். கதவு அரை அங்குலம் விலகி நின்றது. சிப்பாய் இரண்டாவது தடவை உரக்கச் சொன்னான். அத்தான் கியர்த் தண்டுக்கு மேலால் காலைத் தூக்கி இடப்பக்கம் தாவினார். தாவும்போது இருக்கைக்குக் கீழே கை போயிற்று. அந்தக் கணத்தில் துவக்கின் லிவரை இழுத்த சத்தம் கேட்டதாகச் சொன்னார். பின்னாலிருந்த சார்ஜன்ட் ஓடிவந்து சிப்பாயின் துவக்குக் குழாயைக் கையால் மேலே தட்டிவிட்டார்.

அன்று அத்தான் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இரண்டு தேத்தண்ணி குடித்தார்.

"அடுத்த முறை அந்தச் சார்ஜன்ட் டியூட்டியில இருப்பானோ தெரியாது" என்றார். "கதவு திறக்கோணும். கையை வச்சவுடன திறக்கோணும்."

அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வாகனத்தை நிறுத்தாமல் விடும் விலாசம் அல்ல அது.

ஞாயிறு காலை நான் பிணைச்சல் ஆணிக்குக் கீழே ஒரு கம்பியைப் பிடித்துக்கொள்ள, அவர் சுத்தியலால் அடித்தார். ஏழு அடி அடித்திருப்பார். வீட்டுச் சொந்தக்காரர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வெளியே வந்தார். இளைப்பாறிய கிளார்க், உரும்பிராய்க்காரர்.

"என்ன தம்பியவை, விடியவே இடி? மேல் வீட்டு மனிசி ஆமி ரவுண்டப் எண்டு நினைச்சு ஐசியைக் கையில பிடிச்சுக்கொண்டு படியில நிக்கிறா."

"கதவு ஐயா. இறுகிப்போச்சு."

"கதவோ? அவவின்ர நெஞ்சும் இறுகிப்போகும். இன்னும் நாலு அடி அடிச்சியளெண்டால் ஜீப்பை விட்டிட்டு அவவைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகோணும். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆரும் கராஜ் பாஸ்மாரிட்டக் குடுங்கோவன்."

படியில் அந்த அம்மா உண்மையாகவே நின்றார். கையில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் தாளும். நாங்கள் சிரிக்கவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டோம்.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வெட்டித் திருத்தும் மேசையில் இருந்தேன். கொட்டாஞ்சேனையில், கொச்சிக்கடைக்கு இறங்கும் பக்கம், ஒரு முஸ்லிம் பெரியவர் வாகன உடம்பு வேலை செய்யும் கராஜ் வைத்திருந்தார். எங்களுக்கு அவர் நானா. துறைமுக லொறிகளின் கதவுகள் அவரிடம்தான் வரும். கடல் தண்ணீர் இரும்பை எப்படித் தின்னும் என்பதை அவருக்குச் சொல்லத் தேவையில்லை.

காஸ் நெருப்பால் பிணைச்சலைச் சிவக்கச் சூடாக்கி, ஆறவிட்டு, திரும்பச் சூடாக்கினார். மூன்றாவது தடவை ஆணி சுழன்றது. மேல் பிணைச்சல் முழுசாகக் கழன்றது. கீழ்ப் பிணைச்சலைக் கழற்றும்போது அதைப் பிடித்திருந்த தகடும் கூடவே வந்தது. கதவுத் தூணில் ஒரு கை போகக்கூடிய ஓட்டை. உள்ளே வெறும் கூடு.

நானா தலையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"தம்பி, கதவு நல்லா ஈக்கி. கதவெ புடிச்சிக்கொண்டு நிண்டதுதான் இல்ல."

"எவ்வளவு நாளாகும் நானா?" என்றார் அத்தான்.

"பின்னேரத்துக்கு எடுக்கலாம். புதுத் தகடு வெல்டிங் வெச்சி பிணைச்சலெ பூட்டித் தாறன். கீழுக்கு ஈக்கிற ஓட்டெக்கிப் பட்டி போட்டு மூடோணும். உள்ளுக்கு அடெக்கப் பேப்பர் ஈக்கா?"

துருத் தின்ற ஓட்டையைப் பட்டியால், அதாவது பூசியதும் கல் போல இறுகும் சாம்பல் நிறப் பசையால், மூடுவார்கள். பட்டி உள்ளே விழாமலிருக்க முதலில் பழைய பத்திரிகையைக் கசக்கி அடைப்பார்கள். கொழும்பில் ஓடிய பாதி வாகனங்களுக்குள் பத்திரிகை இருந்தது.

ஜீப்பின் பின் இருக்கையில் என் பை கிடந்தது. அதற்குள் அலுவலகத்தின் பழைய பிரதிகள் சில. அவற்றுக்கு நடுவே வடக்கிலிருந்து வந்த பத்திரிகைத் தாள் ஒன்று.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுத்தத் தடையால் வடக்குக்கு அச்சுத் தாள் போகாத காலம் அது. அங்கே பத்திரிகையைப் பள்ளிக்கூடக் கொப்பிகளின் தாளில் அச்சடித்தார்கள். நீலக் கோடுகளுக்கு மேலே கறுப்பு எழுத்து. எப்போதாவது ஒருவர் கப்பலிலோ நடந்தோ கொண்டுவருவார். நான் மரண அறிவித்தல்கள் பார்ப்பதற்காக ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். இரண்டாம் பக்கத்தில் இயக்கச் சீருடையில் நான்கு இளைஞர்களின் படங்கள், அவர்கள் இறந்த செய்தியுடன். அக்கா அதைக் கண்டுவிட்டு ஒரே ஒரு வசனம் சொன்னா: "இது இந்த வீட்டில இருக்கக்கூடாது."

இருக்கக்கூடாததை எங்கே போடுவது என்பது வெள்ளவத்தையில் எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருந்த கேள்வி. கடிதங்கள், குழுப் படங்கள், கலண்டர்கள், சிலரின் பெயர் எழுதிய டெலிபோன் கொப்பிகள். எரித்தால் புகையைக் கண்டு பக்கத்து வீடு கேட்கும். கிழித்துக் குப்பையில் போட்டால் குப்பை எடுப்பவன் பார்ப்பான். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கலியாணப் பட அல்பத்தையே ரயில் பாதைக்கு அப்பால் கடலில் எறிந்தார். இரண்டு நாளில் அது பாறைக்கு வந்து சேர்ந்தது, மாப்பிள்ளைத் தோழனின் முகம் மேலே தெரிய. ஊறவைத்துக் கூழாக்கி மலசலகூடத்தில் ஊற்றுவதுதான் வழமை. அதற்கு நேரம் கிடைக்காமல் நான் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஐந்து நாள் திரிந்தேன்.

நானாவிடம் முதலில் அலுவலகப் பிரதிகளைக் கொடுத்தேன். பிறகு அந்தத் தாளை எடுத்தேன்.

அவர் கோடுகளைப் பார்த்தார். "இது எங்கத்தெப் பேப்பர்?"

"பழசு நானா. உள்ளுக்கு விடுவம்."

அவர் கையை நீட்டவில்லை. "அப்ப நீங்களே வெய்ங்க" என்றார்.

நானே வைத்தேன். எட்டாக மடித்து, தூணின் அடிவரை ஒரு குச்சியால் தள்ளினேன். அதற்கு மேல் எங்கள் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தைக் கசக்கி அடைத்தேன். அத்தான் தேத்தண்ணிக் கோப்பையுடன் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"நல்ல அடக்கம்" என்றார். "இனி ஒரு குஞ்சும் காணாது."

எனக்கும் அப்படியே பட்டது. இரும்புக்குள் வைத்துப் பூசியாயிற்று. பட்டி அரை மணி நேரத்தில் இறுகியது. நானா உரைத்துத் தேய்த்து, மேலே சாம்பல் நிற முதல் பூச்சு அடித்தார். பச்சை ஜீப்பில் ஒரு சாம்பல் திட்டு. பச்சைப் பெயின்ற் அடுத்த கிழமை அடிக்கலாம், முதல் பூச்சு நல்லாகக் காயட்டும் என்றார். அத்தான் கதவைப் பதினைந்து தடவையாவது திறந்து மூடியிருப்பார். கடைசியில் சின்ன விரலால் தள்ளிப் பார்த்தார்.

புதன்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு அதே சாவடியில் எங்களை மறித்தார்கள். அத்தான் என்னை அலுவலகத்தில் இறக்கிவிடக் கூட்டிப் போனார். இளம் சிப்பாய் இல்லை. வேறொருவன், வயதில் மூத்தவன், மீசை வைத்தவன். "பஹின்ன" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அத்தான் வீதியில் நின்றார். கதவு முழுசாக அகன்று திறந்து நின்றது.

திறந்த கதவுக்குப் பின்னால் சாம்பல் திட்டு தெரிந்தது.

மூத்தவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். விரல் முட்டியால் தூணின் மேல் பகுதியைத் தட்டினான். வெறுங்கூட்டுச் சத்தம். கீழ்ப் பகுதியைத் தட்டினான். அடைத்த சத்தம். திரும்பவும் மேலே, திரும்பவும் கீழே. வைத்தியர் நெஞ்சைத் தட்டுவது போல அவசரமில்லாமல் தட்டினான்.

"அளுத்த?" என்றான். புதுசா?

"துரு மாத்தயா. பாஸ் ஒருத்தர் செய்து தந்தவர்" என்று அத்தான் சிங்களத்தில் சொன்னார்.

அந்த மாதங்களில் வாகனங்களின் கதவுத் தகடுகளுக்குள் வெடிமருந்துகூடக் கொண்டுவரலாம் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூத்தவன் ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தான். எங்களைப் பத்து யார் தள்ளிப் போய்க் குந்தச் சொன்னார்கள். மற்றவர்கள் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் போனார்கள். அவன் தனியாக முழங்காலில் இருந்து பட்டியைக் குத்தினான். அவன் சட்டையின் முதுகு ஈரமாகியது. பட்டி மூன்று துண்டாக உடைந்தது. முதலில் வந்தது விளையாட்டுப் பக்கம். அவன் மூச்சு விட்டதை நான் கண்டேன். பிறகு கம்பியை அடிவரை விட்டு மற்றதையும் இழுத்தான்.

அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொப்பித் தாளின் நீலக் கோடுகளை அடையாளம் கண்டான். விரித்து இரண்டாம் பக்கத்தைப் பார்த்தான்.

பொலிஸ் நிலையத்தில் எங்களை வெவ்வேறு வாங்குகளில் இருத்தினார்கள். இடையில் ஒரு மேசை. நான் வாய் திறப்பதற்கு முன்னரே அத்தான் சொல்லத் தொடங்கிவிட்டார்: ஜீப் பழசு, வாங்கும்போதே அந்த ஓட்டை அடைத்துத்தான் இருந்தது, உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது.

பொறுப்பதிகாரி கெட்டிக்காரர். பத்திரிகையின் தலைப்பில் எண்களில் இருந்த திகதியை விரலால் தொட்டார். ஜீப்பில் எடுத்த பதிவுப் புத்தகத்தைத் திறந்து, வாங்கிய திகதியை மற்ற விரலால் தொட்டார். இரண்டு விரலையும் அப்படியே வைத்துக்கொண்டு அத்தானைப் பார்த்தார்.

எங்கள் பத்திரிகை மேசையில் நான் ஒவ்வொரு நாளும் முதலில் பார்ப்பது திகதியைத்தான்.

அத்தான் ஒரு தடவை மேசையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "ஊரிலயிருந்து வந்த புகையிலைப் பார்சலைச் சுத்தி வந்த தாள்" என்றார். "நான்தான் ஓட்டைக்குள்ள அடைச்சனான். தம்பி அப்ப இல்லை."

எங்கள் பத்திரிகை ஆசிரியர் பொறுப்பதிகாரியுடன் தொலைபேசியில் இரண்டு தடவை கதைத்தார். மாலை நாலு நாற்பதுக்கு என்னைக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதினார்கள். இந்தத் தாளை இதற்கு முன் கண்டிருக்கிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எழுதிய கொன்ஸ்டபிளின் கையெழுத்து அழகானது. சிங்களத்தில் பதினொரு வரி. வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருந்தது. கீழே தமிழில் கையெழுத்து வைத்தேன்.

வெளியே போகும்போது அத்தானின் வாங்கைத் தாண்டிப் போக வேண்டும்.

"அக்காட்டச் சொல்லு, ஒரு சாரமும் பிரஷும் குடுத்துவிடச் சொல்லி" என்றார். "நீலச் சாரம் வேண்டாம், அது கிழிஞ்சது."

வீட்டில் அக்கா பையில் சாமான் அடுக்கியபடி கேட்டா: "அந்தத் தாள் ஆரின்ர எண்டு நீ சொன்னனியோ?"

"இல்லை அக்கா."

அவ சாரத்தை எடுத்து மடித்தா. பிரித்து, திரும்பவும் மடித்தா.

சனிக்கிழமைதான் பார்க்க வரலாம் என்றார்கள். அன்று நாங்கள் பையுடன் போனபோது அவரை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எங்கே என்று அறிய ஒன்பது நாள் சென்றது. ஒவ்வொரு முறையும் கவுண்டரில் இருந்தவரிடம் நான்தான் சிங்களத்தில் கேட்டேன். உறவு என்ன என்று கேட்டால் மச்சான் என்று சொன்னேன்.

அத்தான் பதினான்கு மாதம் உள்ளே இருந்தார்.