புளிக்குத் தனிச் சட்டம் கிடையாது

சாகுல் பாய் போய்விட்டார் என்று அவர் மனைவியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தபோது, தோ பாயோ கோயில் அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அடக்கம் எங்கள் வீடு இருக்கும் சுவா சூ காங்கில் என்று படித்ததும் அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. தீவின் மறுகோடியான பாசிர் ரிஸ்ஸில் இருந்துகொண்டு, "உங்க ஊரு ரொம்ப தூரம் லா" என்றே பத்து வருடம் எங்கள் வீட்டுக்கு வராமல் ஏமாற்றிய மனிதர், கடைசியில் எங்கள் பேட்டைக்கே வந்துவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் என் சிரிப்பை மன்னிப்பீர்கள்.

அன்னதானத்துக்கு இத்தனை பேர் என்றால் அரிசி, பருப்பு, புளி எவ்வளவு என்று சொல்லும் சின்ன மென்பொருள் ஒன்றை எழுதியிருந்தேன். பெயர் 'பந்தி'. இலவச லினக்ஸ் இயங்குதளம் ஒன்றில் அதைச் சேர்த்துவிட்டால் எந்த ஊர்ச் சமையற்கட்டிலும் ஒரு வரி தட்டி இறக்கிக்கொள்ளலாம். என் ஆசையெல்லாம் அதுதான். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டே அந்தக் காவல் வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவர் பாய்.

முதல் தடவையே திருப்பி அனுப்பினார். அளவுப் பட்டியலை, அனுப்பிய மென்பொருள் பொதிக்குள் வைக்க மறந்திருக்கிறேன். அது என் கணினியில் கிடந்ததால் பந்தி எனக்கு மட்டும் ஓடியது. "உங்க வீட்டுல விருந்து, எங்க வீட்டுல பட்டினி" என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து, சாம்பார் அளவு யாருடையது, அவர் சம்மதம் எங்கே என்றார். அளவு எங்கள் தலைமைச் சமையல்காரர் ராஜம்மா அக்காவுடையது. அக்கா சொல்லச் சொல்ல உரிமம் எழுதி அனுப்பினேன்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், ஆனால் புளியைக் குறைக்கக் கூடாது. அதுவும் திரும்பி வந்தது. அப்படி நிபந்தனை போட்டால் அது சுதந்திர மென்பொருள் ஆகாதாம். இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் புதியவற்றைச் சேர்க்கும் கதவு மூட ஒரு வாரம்தான் இருந்தது. ஃபோனில் கத்தினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்கே வந்து நின்றார். இரண்டு முறை சாம்பார் சாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அக்கா, குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு. புளிக்கு மட்டும் தனிச் சட்டம் கிடையாது" என்றார்.

"யாராச்சும் கெடுத்துட்டா?"

"கெடுக்கட்டும். உங்க அளவு இங்கதானே இருக்கு."

அக்கா யோசித்தார். பிறகு அவரே என் பேனாவை வாங்கி, உரிமத் தாளில் புளி வரியை அடித்தார். கதவு மூட ஒரு நாள் இருக்கும்போது பந்தி உள்ளே போனது. லிட்டில் இந்தியாவில் மூவரும் தே தாரிக் டீ குடித்துக் கொண்டாடினோம். அன்று நான் பேசிய பேச்சில் பக்கத்து மேசைக்காரருக்கும் லினக்ஸ் தெரிந்திருக்கும்.

பிறகு பாய் தன் பிரியாணி அளவையும் பந்தியில் சேர்த்தார். அந்தக் காரத்துக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும். குறையுங்கள் என்று கெஞ்சினேன். "நான் குறைக்க மாட்டேன். நீங்க குறைச்சுக்குங்க, அதான் எழுதிக் குடுத்திருக்கேனே" என்பார். அவர் இருந்தவரை எனக்குக் கை வரவில்லை.

நேற்று பந்தியின் புதிய பதிப்பு அனுப்பினேன். மிளகாயைப் பாதியாக்கினேன், யாரையும் கேட்கவில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது அந்த அனுமதிதான். மாற்றத்துக்குக் காரணம் ஒரு வரி எழுத வேண்டும் என்பது விதி. அழுதுகொண்டே எழுதினேன்: "பாய், எங்க ஊருக்கு வந்துட்டீங்க. இனிமே சாப்பாடு எங்க வீட்டு அளவுதான்."