இரண்டு பத்துக்கு அணைந்த விளக்கு

மதுரை மாநகரம் முதல் நாகமலை புதுக்கோட்டை வரையுள்ள பெருமக்களின் மேலான கவனத்துக்கு: இது கட்டுக்கதை அல்ல. நடந்தது. யாருக்கு நடந்ததோ அவர் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறார். பெயர் சூரியபிரகாஷ்.

சமயநல்லூருக்கு மேற்கே அவருக்குக் கட்லா மீன்பண்ணை. ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய் ஒன்றைக் கேட்டு வந்தார். தொட்டிக்கு மேல் விளக்குப் போட்டுப் பகலைப் பதினாறு மணி நேரமாக நீட்டினால், முட்டையிடும் காலம் வந்துவிட்டதென்று நம்பித் தாய்மீன் சீக்கிரமே சினைபிடிக்குமாம். பதினாறுக்கே பலனென்றால் இருபத்து நாலுக்கு? போட்டார் எட்டு ஃபோகஸ் விளக்கு. வாசலில் ‘ஒளிப் புரட்சியாளர்’ என்று தன் படத்தோடு ஒரு ஃபிளெக்ஸ். அதற்கும் தனியாக ஒரு விளக்கு.

பண்ணைக் காவலுக்கு இருந்த சோணை மட்டும் தயங்கினான்.

“அண்ணே, அதுகளுக்கு இமை கெடையாது. நம்மதான் அணைச்சு விடணும்.”

“நீ எம்புட்டுடா படிச்ச?”

மூன்றாவது வாரம் அது தொடங்கியது. இரவு சரியாக 2.10. எட்டு விளக்கும் அணையும். கொஞ்ச நேரத்தில் தானாக எரியும். நான்கு இரவுகள் இப்படி.

சூரியபிரகாஷ் விசாரிக்கவில்லை. மீன் வாங்க வந்த கூட்டத்தின் நடுவே சோணையை நிறுத்தினார்.

“தூங்குறதுக்காக அணைச்சியாடா, திருட்டுப்பயலே?”

“எம்புள்ள மேல சத்தியமா நான் தொடலண்ணே.”

“கெளம்பு.”

சோணை செருப்பைக்கூட மாட்டாமல் போனான்.

அன்றிரவு முதலாளியே காவல். சுவிட்சுப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தண்ணீருக்குக் காற்றடிக்கும் மோட்டார் ‘உர்ர்ர்’ என்று ஓடிக்கொண்டிருந்தது.

2.10.

விளக்குகள் அணைந்தன. மோட்டார் நிற்கவில்லை. அப்படியானால் கரண்டு இருக்கிறது...

பெட்டியைத் தடவினார். பூட்டு பூட்டியபடியே. திறந்தார். சுவிட்சும் போட்டபடியே.

சளப்.

பின்னால்.

சளப்... சளப்...

காதருகே ஈர மூச்சு.

“போடாத...”

பதறிப்போய்ச் சுவிட்சைத் தட்டினார். எட்டு விளக்கும் எரிந்தன. அவர் முகத்துக்கு நேராக.

தொட்டி விளிம்பில் கட்லாக்கள். வரிசையாக. தலையைத் தூக்கிக்கொண்டு.

கண்ணை மூடினார்.

மூடவில்லை.

விரலால் தடவிப் பார்த்தார்.

இமை...

இல்லை.

5.40. விடிந்தது. இமை வந்திருந்தது. வேட்டி நனைந்திருந்தது. தொட்டித் தண்ணீரால் அல்ல.

காலையில் எலக்ட்ரீசியன் சிவனாண்டி பெட்டியைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.

“இந்தச் சுவிட்சுக்கு வயரே குடுக்கலண்ணே. மெயின்லருந்து வெளக்குக்கு நேரா இழுத்துருக்கு. எவனும் அணைக்க முடியாத மாதிரி போடுன்னு நீங்கதான சொன்னீங்க?”

ஆமாம். அவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு மறந்துபோனார். சோணை நினைத்திருந்தாலும் அந்த விளக்கை அணைத்திருக்க முடியாது.

தாய்மீன்களின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்றிலும் சினை இல்லை. இப்போது பண்ணையில் இரவு, இரவாகத்தான் இருக்கிறது. ஆனால் சூரியபிரகாஷ் கண்ணை மூடினால், கூட்டத்தின் நடுவே சத்தியம் செய்துகொண்டு நிற்கும் சோணைதான் தெரிகிறான்.

இமை காணாமல்போன கதையைப் பசுமலை வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். சோணை வீடு பண்ணையிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அங்கே மட்டும் இன்னும் போகவில்லை.