குளத்துக்கு ஒரு பாய்மரக் கப்பல்

கடலே இல்லாத ஊரில் கப்பல் கட்டிய மனுஷனோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். என் வீட்டுக்காரர் கல்ஃபில் தச்சு வேலை பார்த்தார். கடைசியாக வேலை பார்த்தது ஒரு பாய்மரக் கப்பலில். அந்தக் காலத்துக் கப்பல் ஒன்றை அப்படியே, ஆணியில்லாமல், பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். அது கடலில் இறங்குமுன் விசா முடிந்துவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் வீடியோ அனுப்பினார்கள்.

"போன்ல ஓடுனா ஆச்சா? நான் தச்சது மேல நான் நிக்க வேண்டாமா?" என்றார்.

ஊருக்கு வந்த பிறகுதான் சுகர் கண்ணைத் தின்றுகொண்டிருப்பது தெரிந்தது. டாக்டர் கைவிரித்துவிட்டார். இவரோ எங்கள் ஊர் குத்துக்கல்வலசையில் வீட்டை ஒட்டிய மனையில் அதே கப்பலைச் சின்னதாக, நாலு பேர் ஏறுகிற அளவில், தைக்க ஆரம்பித்தார். பார்வை இருக்கும்போதே அது குளத்தில் பாய் விரித்து ஓடுவதைப் பார்த்துவிட வேண்டுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தது நான்தான்.

கப்பல் முடிந்த வருஷம் சாரல் ஏமாற்றியது. குற்றாலத்தில் வெறும் பாறை. குளத்தில் மாடு மேய்ந்தது. காற்று மட்டும் செங்கோட்டைப் பக்கமிருந்து பேயாக அடித்தது. தைத்த கப்பல் ஈரத்திலேயே இருக்க வேண்டும். பலகை ஊறினால்தான் தையல் இறுகும். கல்ஃப் கடற்கரையின் ஈரத்தை வைத்தே கணக்குப் போட்டவர், பிறந்த ஊரின் ஆடிக்காற்றை மறந்துபோனார். பலகைகள் வாய் பிளந்தன. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். குடிக்கவே தண்ணீர் இல்லை, இதென்ன கூத்து என்று தெருவே ஏசியது. நியாயம்தானே.

மறுவருஷம் ஐப்பசியில் குளம் நிரம்பியது. அதற்குள் அவருக்கு வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். விரலால் தடவித் தடவி விரிசலில் தேங்காய் நாரை அடைத்தார். லோடு ஆட்டோவில் கொண்டுபோய் இறக்கினோம். நாங்கள் இருவரும் ஏறி உட்கார, பக்கத்து வீட்டுக்காரர் துடுப்பைப் பிடித்தார். பாய் புடைத்ததும் கப்பல் நகர்ந்தது.

"ஏட்டி, ஓடுதா?"

"ஓடுதுங்க. அழகா ஓடுது."

பாய் எப்படி நிற்கிறது, நேராகப் போகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். எல்லாம் சொன்னேன். தையல் வழியாகத் தண்ணீர் வருவதை மட்டும் சொல்லவில்லை. அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

சிரிப்பு நின்றது. குனிந்து தன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கரைக்குத் திருப்பச் சொல்லு" என்றார்.

கண் போனபோதுகூட அழாதவர், அன்று அழுதார். அதற்குப் பிறகு கப்பல் பேச்சை அவர் எடுக்கவேயில்லை. அவரிடம் வேறு பேச்சே இருந்ததில்லை. இப்போது எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் பேசுகிறேன்.