மருமகள் பிரின்சியும் இருபது பெட்டி ஹெட்செட்டும்

என் பேத்தி அவள் அம்மா மாதிரிதாங்க. நெற்றி, மூக்கு, ஒன்றைப் பிடித்தால் விடாத கை, எல்லாம் பிரின்சிதான். என்னிடமிருந்து பாப்பாவுக்கு வந்தது பெரிய காது இரண்டு மட்டும். நீங்கள் கேட்கவில்லை, தெரியும். ஏழு மாதமாக யாரைப் பார்த்தாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். சொல்லி முடித்தால்தான் எனக்கு மற்ற பேச்சு வருகிறது.

மற்ற பேச்சு என் மருமகள் பிரின்சியைப் பற்றியது.

வள்ளூர்ப் பெண். அங்கே அனல்மின் நிலையத்தில் அவள் அப்பாவுக்குக் காண்ட்ராக்ட் வேலை. அந்த வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் இவள்தான். படித்து முடித்ததும் கும்மிடிப்பூண்டியில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டிலிருந்து வருகிற சரக்குக்குப் பேப்பர் போட்டு, வரி கட்ட வைத்து, வெளியே எடுத்துக் கொடுப்பது அந்த ஆபீஸ் வேலை. உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டாம். தலையணை தடிமனில் அதற்கொரு புத்தகம். எந்த எண்ணோ அந்த எண்ணுக்கு உண்டான வரி. போன் எடுத்துக்கொண்டே பிரின்சி அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டாள். இரண்டு வருடத்தில் எண் போடுகிற சீட்டு அவளுடையதாகிவிட்டது.

நான் படித்தது ஐந்தாவது வரை. சிப்காட்டில் ரோலிங் மில்லில் முப்பத்தோரு வருடம் இரும்போடு கிடந்தவன். அவள் வீட்டில் இருக்கும்போது கையில் கிடைத்ததைத் தூக்கிக் காட்டுவேன்.

"இதுக்கு இன்னா நம்பரும்மா?"

"எவர்சில்வர் டப்பாவா? எழுபத்து மூணு."

"பாப்பா கிலுகிலுப்ப?"

"தொண்ணூத்தஞ்சு."

"எனக்கு?"

"உங்களுக்கா மாமா? பழைய இரும்பு. எழுபத்து ரெண்டு."

என் மனைவி ஞானம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "அந்த இரும்புக்கு முப்பத்தஞ்சு வருசமா நான்தான் வரி கட்டினு கீறேன்."

பாப்பா பிறந்தபோது பிரின்சிக்கு ஆறு மாதம் லீவு. அவள் சீட்டில் நர்மதா என்ற பெண் உட்கார்ந்தாள். நல்ல பெண், வேலையில் கெட்டி. போன மாதம் பிரின்சி திரும்பிப் போனதும் நர்மதா எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போனாள். முதலாளி வசந்தகுமார் இரண்டு பேரையும் பார்த்து, "கொஞ்ச நாள் போவட்டும், யாருக்கு இன்னா வேலைன்னு பாக்கலாம்" என்றாராம். ஒரு சீட்டுக்கு இரண்டு பேர். பிரின்சி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் ஒரு மணிக்குப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அந்த ஆபீசுக்குப் போவது என் வேலை. ஃபைல் அறையில் வைத்துப் பால் கொடுப்பாள். நான் வாசல் பக்கம் பெஞ்சில் இருப்பேன். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாப்பாவின் காதைக் காட்டுவேன்.

இரண்டாவது வாரம் ஒரு ஃபைல் வந்தது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒரு பள்ளிக்காக ஒரு வியாபாரி இறக்குமதி செய்த ஹெட்செட், இருபது பெட்டி. விமானி தலையில் மாட்டிக்கொள்வது. அதே சரக்கு முன்பும் ஒரு முறை வந்திருக்கிறது. அதற்கு எண் போட்டவள் பிரின்சிதான், லீவு போடுவதற்கு இரண்டு நாள் முன்பு. அந்தத் தடவை வந்ததில் ஒன்றை வியாபாரி ஆபீசில் மாதிரிக்குக் கொடுத்திருந்தார். சாயங்காலம் அதைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

காதை மூட இரண்டு கிண்ணம், வாய்க்கு நேராக ஒரு மைக், ஒயர் கடைசியில் இரண்டு பின். நான் எடுத்து மாட்டிப் பார்த்தேன். ஞானம்மாவின் வாய் அசைந்தது. சத்தமே இல்லை.

"யம்மா பிரின்சி! உங்க அத்த திட்றது ஒன்னுமே கேக்கல. இதுக்கு எவ்ளோ வரி போட்டாலும் தகும்!"

எப்போதும் சிரிக்கிறவள் அன்று சிரிக்கவில்லை. நான் அதைக் கழற்றினேன்.

"இன்னாம்மா?"

"போன வாட்டி இத ஏரோப்ளேன் பாகம்னு எண்பத்தெட்டுல போட்டுட்டேன் மாமா. அதுக்கு வரி கம்மி."

"ஏரோப்ளேனுக்குத்தான வருது?"

"அதுக்கு வந்தாலும் அதுல சேராது. அந்தப் பகுதிக்கு மேல சின்ன எழுத்துல போட்டுகீறான். கரண்டு சாமான்லாம் எண்பத்தஞ்சு, ஏரோப்ளேனுக்குன்னே செஞ்சாலும் பாகம் இல்லன்னு. காதுல மாட்டிக் கேக்கறது எண்பத்தஞ்சு பதினெட்டு. அன்னிக்கு நான் அதப் பாக்கல. காலு வீங்கிப்போய், எப்படா ஊட்டுக்குப் போய்ப் படுப்போம்னு இருந்தேன்."

பாப்பா ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிரின்சி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இப்ப சரியாப் போட்டா, போன வாட்டி ஏன் அப்படின்னு கேப்பாங்க. போன வாட்டி மாதிரியே போட்டா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

நான் ஹெட்செட்டை அவள் பையில் திரும்ப வைத்தேன். ஞானம்மா அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மறுநாள் ஒரு மணிக்கு நான் போனபோது வசந்தகுமார் அறைக் கதவு திறந்திருந்தது. பிரின்சி உள்ளே நின்றுகொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த போனில் அந்த வியாபாரி பேசுகிறார், சத்தம் பெஞ்சு வரைக்கும் வருகிறது.

"ஏரோப்ளேன்ல மாட்றத வேற எங்கம்மா மாட்டுவாங்க? கல்யாண ஊட்லயா?"

"சார், பைலட்டு கையில வாட்ச் கட்டினு போறாரு. அது ஏரோப்ளேன் பாகமா?"

வியாபாரி விடவில்லை. "அப்ப போன வாட்டி மட்டும் ஏன் அப்படிப் போட்ட?"

"தப்பாப் போட்டேன் சார்."

மில்லில் எத்தனையோ சூபர்வைசர்களைப் பார்த்தவன் நான். அந்த வார்த்தையை அவ்வளவு சீக்கிரம் சொன்னவர் ஒருவரையும் பார்த்ததில்லை.

வசந்தகுமார் போனை வைத்தார். "ஏம்மா, ஆறு மாசம் கழிச்சு வந்து எனக்கே குண்டு வெக்கிறியா? போன வாட்டி மாதிரியே போட்டுட்டுப் போயேன். பேப்பர்ல உன் பேருதான கீது?"

"அதான் சார் சொல்றேன். நாமளே எழுதிக் குடுத்து மீதி வரிய கட்டிடலாம். கஸ்டம்ஸ்காரங்களா கண்டுபிடிச்சா ஆபீசு பேரும் போவும்."

அவர் ஃபைலை மூடினார். "நாளைக்கு வராத. கூப்புட்றேன்" என்று மட்டும் சொன்னார். பிரின்சி வெளியே வந்து பாப்பாவை வாங்கிக்கொண்டு ஃபைல் அறைக்குப் போனாள். நர்மதா எழுந்து போய் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, அதற்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஐந்து நாள் போன் வரவில்லை. என் மகன் எபினேசர் ஷிப்ட் முடிந்து வந்து, "வேற எடம் பாக்கலாம் பிரின்சி" என்றான். அவள் வீட்டிலிருந்த துணி எல்லாவற்றையும் துவைத்தாள். துவைத்ததையும் துவைத்தாள். எனக்கோ ஒரு மணி ஆனால் கால் நிற்காது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

நேற்று சாயங்காலம் வசந்தகுமார் கூப்பிட்டார். வியாபாரி ஒத்துக்கொண்டாராம். பழைய சரக்குக்கு மீதி வரியையும் வட்டியையும் தாங்களே கட்டுவதாகக் கஸ்டம்சுக்குக் கடிதம் போய்விட்டது. இருபது பெட்டியும் எண்பத்தைந்தில்தான் போயிருக்கிறது, போட்டது நர்மதா. "காலைல வா. உனக்கு எந்த வேலைன்னு வந்தப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டாராம். சீட்டு கிடைத்ததா போனதா என்று அவர் பேச்சில் ஒன்றும் பிடிபடவில்லை.

இன்று காலை பிரின்சி தலைசீவி, பையை மாட்டிக்கொண்டு, பாப்பாவை என் கையில் கொடுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

"இன்னா மாமா அப்படிப் பாக்கறீங்க? ஒரு மணிக்குப் பாப்பாவத் தூக்கினு வாங்க. எந்த நாற்காலில இருப்பேன்னு தெரில. உள்ள வந்து தேடுங்க, எங்கனா இருப்பேன்."