கடைசியாக ஒரு இழுப்பு

எங்கள் வீட்டில் அப்பா மூடிய எதையும் வேறு யாரும் திறக்க முடியாது. அவர் குழாயை மூடினால் வாஷர் நசுங்கிவிடும். ஊறுகாய் பாட்டிலை மூடினால் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். எதை முறுக்கினாலும் முறுக்கி முடித்த பிறகு, மனத்திருப்திக்காகக் கடைசியாக ஒரு இழுப்பு இழுப்பது அவர் வழக்கம். அவர் வாடகைக் கார் ஓட்டிய ஸ்ரீரங்கம் ஸ்டாண்டில் எல்லா டிரைவர்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. வீல் நட்டைக் கையால் முறுக்கியது போதாதென்று ஸ்பேனர் மேல் ஏறி ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் காரின் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வந்தது. அம்மாவின் தங்கை, என் சித்தி, திருவானைக்காவலில் எங்கள் வீட்டில் தங்கி ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்திருந்தாள். ஒரு ஒர்க்‌ஷாப்பில் அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

"மொதல்ல நம்ம வண்டி இன்ஜினைக் கட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா வேலைக்குப் போ. இல்லன்னா வர்ற வரனைப் பாத்துக்குவோம்" என்றார்.

சித்தி அன்றே சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் இறங்கிவிட்டாள். இரண்டு வாரம் அவள் கையில் சோற்று வாசனையே இல்லை, கிரீஸ் வாசனைதான். கடைசியில் இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டை வைத்து மூடும் நாள் வந்தது. அதைப் பிடித்துக்கொள்ளும் பத்து நீள போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி வரச் சொன்னாள். அப்பா பழைய போல்ட்டுகளைத் துடைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுங்க நல்லாத்தானம்மா இருக்கு?"

"பார்க்கத்தான் மாமா நல்லாருக்கு. முறுக்கும்போதே இது கொஞ்சம் இழுபட்டு நீண்டுடும். அந்த இழுவைதான் ஹெட்டை அழுத்திப் பிடிக்குது. ஒரு தடவை நீண்டது நீண்டதுதான்."

போல்ட் நீளுமா என்று அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தேன். ஆனாலும் புதுசு வந்தது.

சித்தி அளவு காட்டும் ரெஞ்சால் நடுவிலிருந்து ஆரம்பித்து வரிசையாக முறுக்கினாள். பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் முன்பக்கமாக அவளுடைய ரோஸ் நெயில் பாலிஷால் என்னை ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் கால் சுற்று, மறுபடி ஒரு கால் சுற்று திருப்பினாள். பத்துப் பொட்டும் நேராகப் பின்பக்கம் திரும்பிப் பார்த்தன. "அவ்வளவுதான், இனி இதைத் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

அவள் போன பிறகு அப்பா வந்தார். பொட்டுகளைப் பார்த்தார். ஷெட் வாசலைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்துப் பத்து போல்ட்டுக்கும் ஆளுக்கொரு இழுப்பு கொடுத்தார். "சின்னப் புள்ள கை. பத்தாது. சித்திகிட்ட சொல்லாத, வருத்தப்படும்" என்றார்.

எனக்கு அப்பாவின் மேல் அப்படி ஒரு பெருமை. பொட்டுகள்தான் கோணலாகிப் போயிருந்தன. நான் அவற்றை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, நேராகப் புதுப் பொட்டு வைத்தேன். அன்று என் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தால் சித்தி கண்டுபிடித்திருப்பாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. அவள் வந்து பொட்டுகளை ஒரு பார்வை பார்த்தாள், எல்லாம் நேராக இருந்தன, மேல்மூடியை மாட்டிவிட்டாள்.

வண்டி மூன்று நாள் ஓடியது. நான்காம் நாள், தஞ்சாவூருக்குக் கல்யாணச் சீர் ஏற்றிக்கொண்டு போகும்போது, காட்டூரில் சூடேறி வெள்ளைப் புகை விட்டு நின்றது. சீர்த்தட்டுகளை ஆட்டோவில் மாற்றிவிட்டு, அப்பா வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் ஸ்டாண்டில் கேட்டவர்களிடம், "பொம்பளப் புள்ள, கை பத்தல" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வீட்டுக்கு வந்து, வேலைப் பேச்சை விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். சித்தி தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது. அப்பா கூடுதலாக இழுத்திருக்காவிட்டால் முதல் நாளே நின்றிருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் சித்தி ஹெட்டைப் பிரித்தாள். கழற்றும்போதே ஒரு போல்ட் இரண்டாக ஒடிந்து வந்தது. இன்னொன்று கழுத்தில் இளைத்திருந்தது. மிச்சத்தை ஒரு கண்ணாடிப் பலகை மேல் நிற்க வைத்து, பக்கத்தில் பழைய போல்ட்டுகளையும் நிறுத்தினாள். பத்து வருஷம் உழைத்ததைவிட மூன்று நாள் போல்ட் மயிரிழை உயரமாக இருந்தது. ஒரு பொட்டை நகத்தால் சுரண்டினாள். ஓரத்தில், முதல் பொட்டு இருந்த இடத்தில், வேறொரு ரோஸ் தீற்று இருந்தது.

"இது நீ வெச்சதா?"

"ஆமா சித்தி."

அவள் திரும்பி அப்பாவின் ஸ்பேனரைப் பார்த்தாள். இன்னொரு செட் வாங்கி வந்தாள். இந்த முறை ரெஞ்சை அப்பாவிடம் நீட்டினாள். "நீங்க முறுக்குங்க மாமா. நான் அளவு சொல்றேன்."

அப்பா சந்தோஷமாக முறுக்கினார். நானும் பொட்டு வைத்தேன். கால் சுற்று, மறுபடி கால் சுற்று. கடைசி போல்ட் முடிந்து, வழக்கம்போல அப்பாவின் தோள் தாழ்ந்தபோது, சித்தியின் கை ரெஞ்சின் மேல் வந்து நின்றது.

"போதும் மாமா."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். கண்ணாடிப் பலகையில் இன்னும் நின்றுகொண்டிருந்த போல்ட்டுகளைப் பார்த்தார். ரெஞ்சை அவளிடமே கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனவர், வெகுநேரம் திரும்பி வரவில்லை.

வண்டி ஓடியது. ஒரு மாதம் கழித்து என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனவர், டீக்கடையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னார்: "என் மச்சினி கட்டின இன்ஜின் இது. போன தடவை கெட்டது அவளால இல்லப்பா. நான்தான் ஒரு இழுப்பு அதிகமா இழுத்துட்டேன்."

சித்தி வேலைக்குப் போனாள்.

கூடுதலாக இறுக்கினால் கெடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவளைக் காப்பாற்ற அப்பா பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்றுதான் நான் நம்பினேன். பள்ளியில் சிநேகிதிகளிடம் சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன். பத்து வருஷ நண்பர்கள் முன்னால் அவர் வாய் திறந்து சொன்ன ஒரே ஒரு உண்மையை, பெருந்தன்மையான பொய் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். சித்தியிடமே ஒருநாள் சொன்னேன்: "உனக்காக அப்பா எப்படிப் பொய் சொன்னாரு பாத்தியா?"

சித்தி என் தலையைக் கோதி, "ஆமா குட்டி, அதுக்கு ரொம்பப் பெரிய மனசு வேணும்" என்றாள். பாவம், அவளுக்கு அது பொய் என்றுகூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.